அறுகம்பே அலையும் அந்நிய மண்ணில் நம் பிள்ளைகளும்



கல்முனையில் பஸ் ஏறித் தெற்கே புறப்படுங்கள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு புறம் கடல், மறு புறம் வயல். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மணி கோத்தாற்போல மாறி மாறி அமைந்த கரை இது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் பொத்துவில். அங்கிருந்து களப்புப் பாலத்தைக் கடந்தால் அறுகம்பே. ஊரார் உல்லை என்பார்கள்.

2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையைச் சுனாமி வாரிச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று மீண்டும் கடைகளும் விடுதிகளும் எழுந்து நிற்கின்றன. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, கச்சான் காற்று வீசும் காலத்தில், அலைச்சறுக்குக்காக உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் வருகிறார்கள்.

அவர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டுமா? ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் நீண்ட விடுமுறை. உம்மா, வாப்பாவுடன் நம் பிள்ளைகளும் அப்போதுதான் ஊர் வருகிறார்கள். அலையில் அவர்களுக்குப் பயமில்லை. மூத்தம்மாவின் முன்னால் உட்கார்ந்தால்தான் வாய் அடைத்துப் போகிறது. பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல, மூத்தம்மா சிரிப்பால் பதில் சொல்லும் காட்சியை எத்தனை வீடுகளில் காண்கிறோம்!

இந்தக் கரைக்குப் பயணம் புதிதல்ல. அரபு நாடுகளுக்கு உழைக்கப் போனவர் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்புவார். அகதியாகப் போனவரின் நிலை வேறு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் உயிர் தப்பி ஓடியவர், அடைக்கலம் தந்த நாட்டின் பிரஜாவுரிமை கிடைக்குமுன் ஊர் திரும்பினால், அந்த அடைக்கலத்தையே இழக்க நேரலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் அதற்கு இடமுண்டு. இப்படி ஊரைப் பாராமலே வளர்ந்த பிள்ளைகள் பலர்.

நம் பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அங்குள்ள பள்ளிவாசலில் ஆங்கிலமோ உருதுவோ பேசுவார்கள். தமிழ் வகுப்பிலோ தமிழ் இருக்கும். பெருநாளும் நோன்புக் கஞ்சியும் இருக்காது. இரண்டு இடத்திலும் அவன் பாதி விருந்தாளி.

இடம் பெயர்ந்தால் அடையாளம் அழிந்தே தீருமா? இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒருவர் விடாமல் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தார்க்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரமே. புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டால், பிறவாத ஊரின் பெயரைச் சொன்னார்கள். வீட்டில் அந்தப் பெயர் ஓயாமல் ஒலித்ததே காரணம்.

நம் முன்னோரும் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அறபு எழுத்தில் தமிழை எழுதி, அறபுத் தமிழ் என்று பேணினார்கள். மார்க்கமும் மொழியும் ஒரே ஏட்டில் இருந்தன. குர்ஆன் ஓத எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு, அதே எழுத்தில் "உம்மா", "காக்கா", "ராத்தா" என்று எழுதிக் காட்டுங்கள். அங்கிருந்து தமிழ் எழுத்துக்கு ஒரு படிதான்.

கிழக்கில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் மகளுக்கே சீதனமாகிறது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, பிள்ளைக்கு அதன் குடியைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் உம்மா, மூத்தம்மா, அவருக்கும் முந்தியவர் என்று பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உறவு முறைகளைத் தமிழில் அழைக்கப் பழக்குங்கள். "அங்கிள்" என்ற ஒரு சொல்லில் மாமாவும் சாச்சாவும் கரைந்து போக வேண்டாம்.

ஊரில் இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறாகத் தமிழ் பேசினால் சிரிக்காதீர்கள். ஒரு முறை வெட்கப்பட்டால் மறுமுறை வாய் திறக்காது.

அடுத்த விடுமுறையில் அவர்கள் அறுகம்பேக்குப் போகட்டும், ஆசை தீர அலையில் ஆடட்டும். ஆனால் போகுமுன் இரண்டு நாளாவது மூத்தம்மாவின் அடுப்படியில் பிட்டும் ஆணமும் சாப்பிட்டுக் கதை கேட்கட்டும். அலை அடுத்த ஆண்டும் வரும், மூத்தம்மாவுக்கு வயதாகிறது.