கிரிஸ்லி கரடியின் நாட்டிலே...

இரண்டு நண்பர்கள் காட்டுவழியே சென்றபோது கரடி எதிர்ப்பட்ட கதையைப் பள்ளிப் பருவத்தில் படிக்காதவர் நம்மில் யார்? ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போல் கிடந்தான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஈசாப்பின் பெயரால் வழங்கும் இக்கதை நட்பின் இலக்கணத்தைச் சொல்ல எழுந்தது. ஆனால், பிணம்போல் கிடப்பதை உயிர்காக்கும் பாடமாகவே இன்றும் கற்பிக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவும் எப்போது கிடக்க வேண்டும், எப்போது கிடக்கவே கூடாது என்ற வேறுபாட்டோடு கற்பிக்கிறார்கள். வாருங்கள் வாசகர்களே, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்று வருவோம்.

ஆவி பறக்கும் பூமி

1872ஆம் ஆண்டில் உருவான இப்பூங்காவே உலகின் முதல் தேசியப் பூங்கா எனப் போற்றப்படுகிறது. வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. வடக்கே கார்டினர் என்னும் சிற்றூரின் அருகில், 1903இல் எழுப்பப்பட்ட கல் வளைவினூடே நீங்கள் உள்ளே நுழையலாம். சிறிது தொலைவிலேயே வெந்நீர் ஊற்றுகள் சுண்ணாம்புப் படிக்கட்டுகளாய்ப் படிந்து நிற்கும். கிழக்கே திரும்பினால் லாமர் பள்ளத்தாக்கு. அங்கே காட்டெருமைகள் மந்தை மந்தையாய் மேயும். தெற்கே ஹெய்டன் பள்ளத்தாக்கின் புல்வெளியில் காலைப் பனி விலகும் வேளையில், தோளில் திமில் உயர்ந்த பழுப்பு நிற உருவம் ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கக் கண்டால், அதுதான் கிரிஸ்லி!

வளர்ந்த ஆண் கிரிஸ்லி 300 கிலோ வரை எடை கொண்டது. உடல் பருத்திருந்தாலும் மணிக்கு 55 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடவல்லது. ஆனால் அதன் அன்றாட உணவு என்ன தெரியுமா? புல், கிழங்கு, பைன் மரக் கொட்டை, எறும்பு, அந்துப்பூச்சி, மீன், மான் கன்று, இறந்த விலங்குகளின் உடல். மனிதன் அதன் இரையல்லன். தன் குட்டிக்கோ உணவுக்கோ ஆபத்து என்று அஞ்சும்போதும், எதிர்பாராமல் மனிதன் வெகு அருகில் வந்துவிடும்போதுமே அது பெரும்பாலும் தாக்குகிறது. பாதுகாப்பு விதிகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

எச்சிலில் விளைந்த வினை

ஆனால் மனிதரே கரடியைத் தம்மிடம் அழைத்துக்கொண்ட காலமும் இருந்தது. 1940களின் தொடக்கம் வரை, யெல்லோஸ்டோனில் கரடிகள் குப்பை தின்பதைக் காண இருக்கைகள் அமைத்துக் கூட்டம் கூடியது. சாலையோரத்தில் கார் கண்ணாடியைத் தாழ்த்தி ரொட்டித் துண்டு நீட்டுவோரும் ஏராளம்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. மொன்டானாவின் வடக்கே உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில், 1967 ஆகஸ்டு 13ஆம் நாள் பின்னிரவில், வெவ்வேறு இடங்களில் உறங்கிக்கொண்டிருந்த 19 வயதுப் பெண்கள் இருவரை இரு வேறு கிரிஸ்லிகள் கொன்றன. 1910இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவில் அதுவரை கிரிஸ்லியால் ஓர் உயிரும் போனதில்லை. ஓரிடத்தில், மலை விடுதியின் எச்சில் உணவு வெளியே கொட்டப்பட்டு, அதைத் தின்ன வரும் கரடிகளை விருந்தினர் இரவுதோறும் வேடிக்கை பார்த்துவந்தனர். மற்றோரிடத்தில், மெலிந்துபோன கரடி ஒன்று பல வாரங்களாகக் கூடாரங்களில் உணவு திருடிப் பழகியிருந்தது. அஞ்சி ஒதுங்கும் இயல்பை அக்கரடிகள் இழந்ததற்கு யார் காரணம்? சிந்தித்துப் பாருங்கள்!

அதன் பின்னரே சட்டங்கள் இறுகின. யெல்லோஸ்டோனின் திறந்தவெளிக் குப்பைமேடுகள் 1970ஆம் ஆண்டளவில் மூடப்பட்டன. இன்று முகாம்களில் உணவை இரும்புப் பெட்டிகளில் பூட்டி வைக்க வேண்டும். பற்பசையும் சோப்பும்கூடக் கூடாரத்துக்குள் இருத்தலாகாது. அவற்றின் மணமும் கரடிக்கு அழைப்பே.

வழிநடையில் கவனம்

அங்கே நடந்து செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால் தனியே செல்லாதீர்கள். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோராய்ச் சேர்ந்து செல்வதே நன்று. புதர் அடர்ந்த வளைவுகளிலும் ஓடையின் இரைச்சல் மிகுந்த இடங்களிலும் உரக்கப் பேசுங்கள், கை தட்டுங்கள். சிறு மணியோசை போதாது. இறந்த விலங்கின் உடலைக் கண்டால் உடனே அங்கிருந்து அகலுங்கள். கரடிக்கும் உங்களுக்கும் இடையே 91 மீட்டர் தொலைவு எப்போதும் இருக்க வேண்டும் என்பது பூங்காவின் சட்டம். குழந்தைகளை முன்னே ஓட விடாதீர்கள்.

இடுப்பில் 'பேர் ஸ்பிரே' என்னும் மிளகாய்க் காரத் தெளிப்பான் இருக்கட்டும். இதைக் கொசு மருந்துபோல் உடலில் பூசுவதன்று. பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே பீய்ச்சுவதாகும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் இது 92 விழுக்காடு பயனளித்தது தெரியவந்தது. விமானத்தில் இதை எடுத்துச் செல்ல இயலாது. அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிரே வந்துவிட்டால்?

ஓடாதீர்கள்! ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. மரமேறித் தப்பலாம் என்று எண்ணாதீர்கள். கிரிஸ்லியும் ஏறக்கூடியதே. அது பின்னங்காலில் எழுந்து நிற்பது சினத்தால் அன்று, உங்களை நன்றாகப் பார்க்கவும் முகரவுமே. தாழ்ந்த குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

காது பின்னே மடிய, பல்லை நறநறவென்று கடித்து, மூச்சுச் சீறினால் அது மிரண்டிருக்கிறது என்று பொருள். சில வேளை பாய்ந்து வந்து, சில அடித் தொலைவில் நின்று திரும்பிவிடும். அது வெறும் மிரட்டல். அவ்வேளையில் நின்ற இடத்திலேயே உறுதியாக நில்லுங்கள். பாய்ந்து வரும் கரடி 18 மீட்டருக்குள் நெருங்கியதும் தெளிப்பானை அழுத்துங்கள்.

அதையும் மீறி அது உங்களைத் தொட்டுவிட்டால், அப்போதே நம் கதையின் நண்பன் செய்ததைச் செய்ய வேண்டும். குப்புறப் படுத்து, முதுகுப்பையைக் கழற்றாமல், விரல்களைப் பிடரியில் கோத்து, கால்களை அகற்றி வைத்து அசையாதிருங்கள். பிணத்தைக் கரடி தின்னாது என்பதற்காக அன்று. அது பிணத்தையும் தின்னும். உங்களால் தனக்கு ஆபத்தில்லை என அது உணர்வதற்கே இது. அது விலகிச் சென்றபின்னும் உடனே எழாதீர்கள்.

ஆனால் இரவில் கூடாரத்துக்குள் நுழைந்து தாக்கும் கரடியும், பின்தொடர்ந்து வந்து தாக்கும் கரடியும் உங்களை இரையாகவே கருதுகின்றன. அங்கே படுத்திருப்பது அழிவு. கையில் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் முகத்திலும் தாக்கிப் போராடுங்கள். கருங்கரடி தாக்கினாலும் போராடுவதே விதி. நம் நாட்டுக் கரடி வேறு இனம். இவ்விதிகளை அதற்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

இவ்வளவும் படித்தபின் அச்சம் எழுகிறதா? 1872 முதல் 2015 வரை யெல்லோஸ்டோனில் கரடிகளால் உயிரிழந்தோர் எட்டுப் பேர் மட்டுமே. நீரில் மூழ்கி இறந்தோர் அதைவிடப் பன்மடங்கு அதிகம். அழிவின் விளிம்பில் நின்ற கிரிஸ்லி 1975இல் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. அப்போது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் 136 என மதிப்பிடப்பட்ட அதன் எண்ணிக்கை, இன்று ஏறத்தாழ ஆயிரமாகப் பெருகியிருக்கிறது. எச்சிலைக் கொட்டாமல் விலகி நிற்கக் கற்றுக்கொண்டதில் மனித உயிரும் பிழைத்தது, கரடி இனமும் பிழைத்தது. அமெரிக்காவில் வாழும் உங்கள் மக்களோ உறவினரோ விடுமுறையில் அங்கே செல்வதாக எழுதினால், இவ்விதிகளை அவர்களுக்கு மறவாமல் நினைவூட்டுங்கள்.