நேர்ச்சைக் கோழியும் ஐப்பசி மழையும்

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் திண்டுக்கல் முத்தழகுபட்டிக்குச் சென்றவர்கள் அறிவார்கள். புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவிலே மக்கள் நேர்ந்துகொண்ட ஆடுகளும் கோழிகளும் காணிக்கையாக வந்து குவியும். அவற்றைச் சமைத்து, சாதி சமயம் பாராமல் வந்தவர்க்கெல்லாம் விருந்து பரிமாறுவார்கள். கோழிகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் சேரும். சந்தையில் வாங்கியவை அவற்றுள் உண்டு. ஆயினும் பிள்ளையின் காய்ச்சல் தணிந்ததற்காக நேர்ந்துவிட்ட சேவலைத் தன் வீட்டுக் கூட்டிலிருந்தே கொண்டுசெல்வதில்தான் ஒரு தாய்க்கு நிறைவு. ஐப்பசியில் பொரித்த குஞ்சாயின், அது ஆகஸ்டைக் காண்பதற்கு முன் மழைக்காலத்தைக் கடந்தாக வேண்டும்.

திண்டுக்கல் சமவெளி வறண்ட பூமி. தென்மேற்குப் பருவமழையைப் பழனி மலைத்தொடர் பெரும்பாலும் மறித்துக்கொள்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையே நமக்குப் பெரிய ஆதாரம். ஆகவே இங்கே கோழிக்கூடுகளை வெயிலுக்காகவே கட்டுகிறோம்: தரையோடு தரையாக, வேப்பமர நிழலில், தாழ்ந்த கூரையுடன். பத்து மாதம் அது குறையாகத் தெரிவதில்லை.

சென்ற கார்த்திகையில் சிறுமலை அடிவாரத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். பதினொரு குஞ்சுகளில் இரண்டே எஞ்சியிருந்தன. "குளிராமத்தான் தம்பி பாத்துக்கிட்டேன், நாலு பக்கமும் சாக்கைக் கட்டி மூடினேன்" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. சாக்கைத் தூக்கியதும் என் கண்கள் எரிந்தன. நனைந்த எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா அது. குளிருக்கு அஞ்சி மூடிய கூட்டில் ஈரமும் நச்சுக்காற்றும் வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டன.

உண்மையில், தாயின் சிறகடியில் இருக்கும் குஞ்சை நம் ஊர்க் குளிர் எளிதில் கொல்லாது. ஆண்டவரே தம் அன்புக்கு உவமையாகக் காட்டிய சிறகல்லவா அது! கொல்வது ஈரத் தரை. இரத்தக்கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தோடு வெளியே விழுகிறது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் வீரியம் பெறுகிறது. தரையைக் கொத்தும் குஞ்சின் வயிற்றுக்குள் புகுகிறது. எச்சத்தில் இரத்தம் கண்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வேறு நோய். அதற்கு மருந்தில்லை, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காப்பு.

கூட்டின் தரையை ஓரடியாவது உயர்த்துங்கள். பழைய செங்கல் போதும். சாரல் உள்ளே அடிக்காதபடி கூரையை மூன்றடி வெளியே நீட்டுங்கள். மழைக்குச் சாக்குத் திரை வேண்டியதுதான். ஆனால் மேலே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும், மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். தரையில் உமியோ கடலைத் தோலோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டைபோல் நின்றால் ஈரம் மிகுதி. தண்ணீர்க் கலயத்தைச் சுற்றித்தான் பெரும்பாலும் முதலில் நனையும். நனைந்ததை அள்ளி எறியாமல் அதன்மேலேயே சுண்ணாம்பைத் தூவுகிறவர்கள் உண்டு. அதனால் அம்மோனியா இன்னும் கூடுதலாகவே கிளம்பும்.

தீனியையும் மறந்துவிடலாகாது. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு கொடிய நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் அத்தகைய பிண்ணாக்கைத் தின்று மடிந்தன. அதன்பின்னரே அந்தப் பூஞ்சை நச்சை உலகம் அறிந்தது. பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் போடாதீர்கள்.

நான் புறப்படுமுன் மூதாட்டியின் பேரன் செங்கல் அடுக்கத் தொடங்கியிருந்தான். எஞ்சிய இரண்டில் ஏதாவது சேவலாக இருக்குமா என்று மூதாட்டி கேட்டார். சொல்வதற்கு இன்னும் காலமாகவில்லை.