எட்டு டொலரும் மூன்று குழந்தைகளும்

போரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்திலேயே தமது பேனாவை மூடிவிடுகின்றனர். தளபதிகளின் வியூகம், பீரங்கிகளின் எண்ணிக்கை, வீழ்ந்த கோட்டை, கைச்சாத்தான உடன்படிக்கை என்பவற்றோடு அத்தியாயம் முற்றுப்பெற்றுவிடும். களத்தில் வீழ்ந்தவனின் வீட்டிலே மறுநாட் காலை அடுப்பு எரிந்ததா என்று அவ்வரலாறு கேட்பதில்லை. சமுதாய வரலாறோ அந்த அடுப்படியிலேதான் ஆரம்பமாகிறது என்பது நமது துணிபு.

நாம் பட்டம் பெற்றது தமிழிலே. எனினும், ஆசிரியர் பற்றாக்குறை காரணமாகச் சில காலம் வரலாற்றுப் பாடத்தையும் கற்பிக்க நேர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய பாடத்தின்போது, 1861 முதல் 1865 வரை அப்போரில் மடிந்தோர் தொகையைக் கரும்பலகையில் எழுதினோம். நெடுங்காலமாக 620,000 என்று கணிக்கப்பட்ட தொகை அது. குடிசன மதிப்பீடுகளை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2011 இல் அதனை ஏறத்தாழ 750,000 ஆக உயர்த்தியது. இரண்டு எண்களையும் எழுதி முடித்துத் திரும்பியபோது, பின் வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், அவையின்ரை பிள்ளையளை ஆர் வளர்த்தது?”

எந்தப் பரீட்சை வினாத்தாளிலும் இடம்பெறாத வினா அது. அதற்கு விடை தேடத் தொடங்கியபோதுதான் பிலிண்டா ஹியூமிஸ்ரன் என்னும் பெண்ணின் வாழ்வை நாம் அறிந்தோம்.

1863 யூலை முதலாந் திகதி தொடக்கம் மூன்று நாட்கள் பென்சில்வேனியாவிலுள்ள கெற்றிஸ்பேர்க்கில் பெரும் போர் நடைபெற்றது. போர் ஓய்ந்தபின் அவ்வூரின் ஓரத்தில் ஒரு வடபகுதிப் போர்வீரனின் உடல் கிடந்தது. பெயரை அறியும் அடையாளமோ, கடிதமோ அவனிடம் இல்லை. கண்ணாடித் தகட்டிற் பதிந்த புகைப்படம் ஒன்று மட்டும் அவன் கையில் இருந்தது. அதிலே மூன்று குழந்தைகள். அப்படம் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் கைக்குச் சென்றது. அவரது முயற்சியால், 1863 ஒக்டோபர் 19 ஆந் திகதி அந்நகரப் பத்திரிகையொன்று “இவன் யாருடைய தந்தை?” என்ற கேள்வியோடு செய்தியை வெளியிட்டது.

அக்காலப் பத்திரிகைகளில் புகைப்படத்தை அச்சிடும் வசதி இல்லை. ஆகவே, குழந்தைகளின் தோற்றத்தைச் சொற்களாலேயே விபரிக்க வேண்டியிருந்தது. சின்னவன் உயர்ந்த நாற்காலியில் இருக்கிறான். இருபுறமும் அண்ணனும் அக்காளும் இருக்கின்றனர். மூத்தவனின் சட்டையும் பெண்பிள்ளையின் கவுணும் ஒரே துணியில் தைக்கப்பட்டவை. இச்செய்தி பல பத்திரிகைகளில் மறுபிரசுரமாயிற்று. அவற்றுள் ஒரு சமயப் பத்திரிகையின் பிரதி நியூயோர்க் மாநிலத்துப் போட்வில் என்னும் சிற்றூரை அடைந்தது. கணவனுக்கு அத்தகைய படமொன்றை அனுப்பிவைத்து, கெற்றிஸ்பேர்க் போருக்குப் பின் அவனிடமிருந்து ஒரு வரியும் வராது காத்திருந்த பெண்ணொருத்தி அங்கே இருந்தாள். படத்தின் பிரதி வந்து சேர்ந்ததும் ஐயம் தீர்ந்தது. குழந்தைகள் பிராங்க், அலிஸ், பிரெட். வயது எட்டு, ஆறு, நான்கு. இறந்தவன் நியூயோர்க் 154 ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சார்ஜன்ட் ஏமொஸ் ஹியூமிஸ்ரன். திமிங்கில வேட்டைக் கப்பலில் சென்று மீண்டவன். பின் குதிரைச் சேணந் தைத்துப் பிழைத்தவன். 1862 இல் படையிற் சேர்ந்தவன்.

நாடு முழுவதும் அந்தத் தந்தையின் அன்பை எண்ணிக் கண்ணீர் விட்டது. அதில் தவறில்லை. நமது நெஞ்சைத் தொட்டதோ அந்த ஒரே துணி. ஒரு துண்டுத் துணியை வாங்கி, ஆணுக்கும் பெண்ணுக்குமாக வெட்டி, துணுக்கும் வீணாகாமல் தைத்த ஒரு தாயின் சிக்கனம் அதிலே தெரிகிறது. முன்னரே ஒருமுறை கணவனை இழந்து, 1854 இல் ஏமொசை மணந்தவள் பிலிண்டா. இரண்டாம் முறையும் விதவையானபோது தையல் ஊசிதான் அவளுக்குத் துணை நின்றது. இறந்தவனை அடையாளங் காட்டியதும் ஒரு வகையில் அவளுடைய தையலே. ஆனால், அவன் யாருடைய தந்தை என்று கேட்ட பத்திரிகை, அத்துணியைத் தைத்தவள் இனி எவ்வாறு வாழ்வாள் என்று கேட்கவில்லை.

அக்கேள்விக்கு அரசு அளித்த விடை ஓர் எண். 1862 யூலை 14 ஆந் திகதிய பென்சன் சட்டப்படி, சாதாரண சிப்பாயினதும் சார்ஜன்டினதும் விதவைக்கு மாதம் 8 டொலர். கேணலின் விதவைக்கு 30 டொலர். கேணலின் பிள்ளைக்கும் சிப்பாயின் பிள்ளைக்கும் பாண் ஒரே விலைக்குத்தான் விற்கப்பட்டது. மாவுக் கடைக்காரன் பதவி பார்த்து விலை குறைப்பதில்லை. மரணத்தின் முன் யாவரும் சமம் என்பர். மரணத்தின் பின்னரும் வர்க்கம் தன் கணக்கை விடுவதில்லை என்பதையே இச்சட்டம் எழுத்தில் வடித்தது. 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலதிகமாக 2 டொலர் வழங்க 1866 இலேதான் சட்டம் வந்தது. அப்பொழுது போர் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டது.

அந்த எட்டு டொலரும் கேட்டவுடன் கிடைப்பதன்று. மணமானதற்குச் சான்று வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த நாளுக்குச் சான்று வேண்டும். கணவன் இறந்தது படைச் சேவையினாலே என்பதற்குச் சான்று வேண்டும். பதிவேடுகள் ஒழுங்காக இல்லாத காலம் அது. மருத்துவிச்சி சத்தியம் செய்தாள். அயலார் வாக்குமூலம் கொடுத்தனர். குடும்ப வேதாகமத்தில் பிறப்பு, இறப்பு எழுதிய தாள்களைக் கிழித்து அனுப்பினோரும், கணவன் களத்திலிருந்து எழுதிய கடிதங்களையே சான்றாக அனுப்பினோரும் உளர். அவை இன்றும் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக் கோவைகளில் இருக்கின்றன. கணவனின் கையெழுத்தைத் தாங்கிய கடைசிக் கடிதத்தைக் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டு, அதற்கு ஈடாகப் பிள்ளைகளுக்கு உணவு தேடிய தாய்மாரை எண்ணிப் பாருங்கள். துயரத்தையும் பத்திரத்தில் எழுதி முத்திரையிட்டால்தான் ஏழையின் துயரம் துயரமாகும்.

மறுமணம் செய்தால் விதவையின் பென்சன் நின்றுவிடும். மணம் செய்யாது ஒருவனோடு வாழ்கிறாள் என்று கண்டாலும் அதனை நிறுத்த 1882 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஒழுக்கத்தை விசாரிக்க அதிகாரிகள் அயலாரிடம் சென்றனர். இறந்தவன் அரசுக்குக் கொடுத்தது உயிரை; அரசோ உயிரோடிருந்தவளின் படலையைக் காவல் செய்யத் தலைப்பட்டது.

இவையெல்லாம் வெள்ளை விதவைக்குரிய இடர்கள். கறுப்பினச் சிப்பாயின் விதவைக்கு இவற்றுக்கு மேலும் ஒரு மதில் எழுந்து நின்றது. அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் திருமணமாகவே ஏற்கவில்லை. பத்துப் பிள்ளைகளைப் பெற்றவளும் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். வெள்ளைச் சிப்பாய் மாதம் 13 டொலர் பெற்றபோது, உடைக்கான பணம் கழிந்து கறுப்புச் சிப்பாயின் கைக்கு எட்டியது 7 டொலரே. இவ்வேற்றுமை 1864 யூனில்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது.

அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆந் திகதி, தெனசி மாநிலத்துப் பில்லோ கோட்டையில், சரணடைய முயன்ற கறுப்புச் சிப்பாய்கள் பெருந்தொகையினர் கொன்று குவிக்கப்பட்டனர். அக்கோட்டையின் தளபதி மேஜர் பூத் என்னும் வெள்ளையரும் அங்கே மாண்டார். அவருடைய விதவை மேரி பூத் மே மாதத்தில் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். தன் கணவனின் கீழ்ப் போராடி மடிந்த கறுப்பர்களின் விதவைகளுக்காக அவர் பேசினார். அச்சந்திப்பின் பயனாக லிங்கன் செனற்றர் சாள்ஸ் சம்னருக்குக் கடிதமொன்றைக் கொடுத்தனுப்பினார். அடிமைத்தளையின் காரணமாகச் சட்டப்படி மணம் புரிய முடியாதிருந்தோரின் மனைவி மக்களையும் மணமானோரின் மனைவி மக்களைப் போலவே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு யூலையில் வந்த திருத்தம், சேர்ந்து வாழ்ந்தமைக்குச் சாட்சிகளின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. துயரம் தனக்கு மட்டுமே உரியதென்று எண்ணாத ஒரு பெண்ணின் பெயரை மாணவர்க்குச் சொல்ல வேண்டுமாயின், நாம் மேரி பூத்தின் பெயரைச் சொல்வோம்.

தெற்கின் நிலை வேறு. அடிமை முதலாளிகளின் சொத்தைக் காக்க எழுந்த போரிலே, அடிமை ஒருவனையேனும் வைத்திராத ஏழை உழவர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தனர். 20 அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகளைக் கொண்ட பெருந்தோட்டத்துக்கு வெள்ளையன் ஒருவனைக் கட்டாய சேவையிலிருந்து விலக்கும் சட்டமும் 1862 இல் அங்கே வந்தது. 1863 ஏப்ரல் 2 ஆந் திகதி தலைநகர் றிச்மண்டின் தெருவில் உணவு கேட்டு எழுந்தோர் பெண்களே. தோற்ற பக்கத்துச் சிப்பாயின் விதவைக்கு மத்திய அரசின் பென்சன் இல்லை. மாநிலங்கள் பின்னாளில் கொடுத்த தொகையும் சொற்பமே.

எட்டு டொலரில் குடும்பம் நடவாது. ஆகவே விதவைகள் உழைத்தனர். படையினருக்கு உடை தைக்கும் வேலை நகரங்களிலே கிடைத்தது. அவ்வேலை ஒப்பந்தகாரர் கைக்குச் சென்றபோது கூலி வீழ்ந்தது. 1865 பெப்ரவரியில் சின்சினாற்றி நகரத்துத் தையற்பெண்கள் லிங்கனுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். தாம் போர்வீரரின் மனைவியர், விதவைகள், சகோதரிகள் என்று கூறி, தம்முடைய கணக்கையும் எடுத்துரைத்தனர். ஒரு டசின் கம்பளிச் சட்டைக்கு அரசு கொடுப்பது 1 டொலர் 75 சதம். ஒப்பந்தகாரர் தமக்குக் கொடுப்பது 1 டொலர். எஞ்சிய 75 சதம் எங்கே போகிறது என்பதை விளங்கிக்கொள்ள அப்பெண்களுக்குப் பொருளியல் நூல் எதுவும் தேவைப்படவில்லை. தாயின் உழைப்புப் போதாத வீடுகளிலே பிள்ளைகளும் வேலைக்குச் சென்றனர். 1862 செப்ரெம்பர் 17 ஆந் திகதி பிற்ஸ்பேர்க்கின் அருகே அலெகெனி ஆயுதசாலையில் வெடிவிபத்து ஏற்பட்டு 78 பேர் மாண்டனர். தோட்டா சுற்றிய சிறுமியரும் இளம் பெண்களுமே அவர்களுள் மிகப் பெரும்பாலோர்.

பிலிண்டாவுக்குத் தர்மமும் வந்தது. அவளுடைய குழந்தைகளின் படப் பிரதிகள் விற்பனையாயின. அவர்களைப் பற்றிப் பாட்டும் அச்சாயிற்று. சேர்ந்த பணத்தின் துணையோடு 1866 இல் கெற்றிஸ்பேர்க்கிலே போர்வீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறக்கப்பட்டது. பிலிண்டா அங்கே வேலைக்கமர்ந்தாள்; பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தனர். தகப்பன் வீழ்ந்த ஊரிலேயே, தகப்பன் வீழ்ந்த கதையின் காட்சிப் பொருள்களாக அவர்கள் வாழ நேர்ந்தது. 1869 இல் அவள் மறுமணம் புரிந்து, பிள்ளைகளோடு மசாசுசெற்ஸ் மாநிலத்துக்குச் சென்றாள். அவள் சென்றபின் அவ்வில்லத்தின் கதை இருண்டது. பொறுப்பாளரின் கொடுமை பற்றி 1876 இல் வழக்கெழுந்தது. நிதிக் கணக்குப் பற்றியும் குற்றச்சாட்டுக்கள் வந்தன. 1877 இல் கதவு மூடப்பட்டது. கண்ணீரால் திறக்கப்பட்ட தர்மசாலை, கண்ணீர் உலர்ந்ததும் யாருடைய கண்காணிப்புமின்றிக் கிடந்தது. தர்மம் கொடுப்பவனின் மனநிலையைப் பொறுத்தது. உரிமை பெறுபவனின் தேவையைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை இந்த இல்லத்தின் வரலாற்றைவிடத் தெளிவாக உணர்த்தும் உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

பென்சன் சட்டம் பின்னர் விரிந்தது. 90 நாட் சேவை செய்தவன் எக்காரணத்தால் இறந்தாலும், உழைப்பையன்றி வேறு வழியற்ற அவன் விதவைக்குப் பென்சன் உண்டென 1890 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. கோவைகளைக் காக்கவும் எழுதுவோரை இருத்தவும் வாஷிங்டனில் 1887 இல் மாபெருங் கட்டடம் எழுந்து முடிந்தது. அதன் சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குப் போர்வீரர் அணிவகுத்துச் செல்லும் சிற்பம் இன்றும் உண்டு.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அதே காலத்தில் சுரங்கத்தில் நசுங்கியவனுக்கும், புகையிரதப் பாதையில் மாண்டவனுக்கும், ஆலை இயந்திரத்தில் அகப்பட்டவனுக்கும் விதவைகள் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பசித்தது. அவர்களுக்கு எட்டு டொலர் இல்லை. தனக்காக இறந்தவனின் பிள்ளையை மட்டுமே அரசு பிள்ளையாகக் கண்டது. வறிய தாய்மார் தம் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து வளர்க்கப் பொதுநிதியிலிருந்து உதவும் முதலாவது மாநிலம் தழுவிய சட்டம் இல்லினோய் மாநிலத்தில் 1911 இலேதான் வந்தது. அதற்கான பாதையிலே, சத்தியக்கடதாசியும் கிழித்த வேதாகமத் தாளுமாகக் காரியாலயங்களில் ஏறி இறங்கிய போர் விதவைகளின் காலடிகளும் உள்ளன என்றே நாம் கருதுகிறோம். அரசிடம் கேட்கலாம், கேட்டதைப் பெறலாம், மறுத்தால் மீண்டும் கேட்கலாம் என்பதை அவர்கள் நடந்து காட்டினர்.

பிலிண்டா 1913 இல் இறந்தாள். மூத்த மகன் பிராங்க் மருத்துவனானான். தையலூசியோடு தொடங்கிய அவளது போர், கெற்றிஸ்பேர்க்கின் மூன்று நாட்களைவிட நீண்டது. ஏமொசின் நினைவாக 1993 இல் அவ்வூரில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அந்த உள்நாட்டுப் போரின் கடைசிப் பென்சனைப் பெற்றுவந்தவர், போர்வீரன் ஒருவனின் முதுமைக் காலத்துப் பிள்ளையாகப் பிறந்த பெண்மணி. மாதம் 73 டொலர் 13 சதம் பெற்ற அவர் 2020 இல் மறைந்தார். வெடிச்சத்தம் ஓய்ந்தது 1865 இல். கணக்கு முடிய மேலும் 155 ஆண்டுகள் சென்றன.

போர் எப்பொழுது முடிந்தது என்று பாடம் எழுதும்போது, உடன்படிக்கையின் திகதியோடு நாம் நின்றுவிடலாகாது. வீழ்ந்தோரின் தொகைக்கு அருகே இன்னொரு நிரலையும் வரைவோம். அதிலே பாணின் விலையையும், சட்டை தைத்த கூலியையும், பிள்ளைகளின் வயதையும் எழுதுவோம். அந்நிரலைக் கூட்டிப் பார்க்கக் கற்ற மாணவர், போருக்கு அழைப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தாமாகவே கேட்பர்.