பன்னிரண்டு கிலோவுக்குக் கணக்கு

கர்ப்பிணிக்கு எவ்வளவு எடை ஏறலாம் என்று நம் ஊரில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாத ஆளே கிடையாது. 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்' என்பார் மாமியார். 'ரொம்பச் சாப்பிட்டா சிசேரியன்தான்' என்பார் எதிர்வீட்டு மாமி. ஆபீஸில் பக்கத்து சீட் ஆசாமி, ஒரு குழந்தை பெற்ற (அதாவது, அவர் மனைவி பெற்ற) அனுபவத்தில் குங்குமப்பூ வாங்கும் கடை வரை சிபாரிசு செய்வார்.

நான் பி.காம். தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. அதனால் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்: "மொத்தம் எத்தனை கிலோ மேடம்? எதெதுக்கு எவ்வளவு?" சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

குழந்தை 3 கிலோ. நச்சுக்கொடி 700 கிராம். பனிக்குட நீர் 800 கிராம். கர்ப்பப்பை வளர்ச்சி 1 கிலோ. மார்பகம் அரை கிலோ. கூடுதல் ரத்தம் ஒன்றரை. உடம்பில் சேரும் நீர் ஒன்றரை. கொழுப்பு 3. கூட்டிப் பாருங்கள், 12 கிலோ. கொழுப்பு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அது பால் கொடுக்கும் மாதங்களுக்கான ரிசர்வ் ஃபண்ட்! 'குண்டாயிட்டே' என்று மனைவியைக் கிண்டல் செய்யத் தோன்றினால், முதலில் இந்தப் பட்டியலை ஒருமுறை படியுங்கள் ஸார்.

ஆனால் 12 என்பது எல்லோருக்கும் பொது இல்லை. கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-ல் போட்ட கணக்குப்படி, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருக்கும் ஒல்லிப் பெண்ணுக்கு 12.5 முதல் 18 கிலோ ஏறலாம். 18.5-லிருந்து 25-க்குள் என்றால் 11.5 முதல் 16. அதற்கு மேல் 30-க்குள் என்றால் 7 முதல் 11.5. அதையும் தாண்டினால் 5 முதல் 9 போதும். இதெல்லாம் ஒற்றைக் குழந்தைக்கு. உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்து சீட்டிடம் வேண்டாம்.

ரெண்டு உயிருக்கு ரெண்டு சாப்பாடு என்பதும் சரியில்லை. நம் ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கூடுதல், தினம் 350 கலோரி. ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான், ஏறக்குறைய முடிந்தது.

என் மனைவிக்கு ஆரம்பத்தில் 50 கிலோ. ஞாயிறுதோறும் எடை பார்த்து நோட்டில் எழுதுவது என் டிபார்ட்மென்ட். முதல் மூன்று மாதம் வாந்தியில் ஒரு கிலோ ஏறுவதே பெரும்பாடு. பிறகு வாரா வாரம் ஒழுங்காக ஏறியது. ஏழாம் மாதம், வளைகாப்பு. போன மாதம் அளவெடுத்து வாங்கிய கண்ணாடி வளையல் கையில் ஏற மாட்டேன் என்றது. "பாருங்க மாப்பிள்ளை, முகமெல்லாம் எப்படிப் பூரிச்சிருக்கு!" என்று மாமியாருக்குப் பெருமை. நோட்டைப் பார்த்தேன். போன ஞாயிறு 59. அன்று காலை 61. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ எந்தத் தலைப்பில் வந்தது?

"தலை வலிக்குதா?" என்றேன்.

"நேத்துலேருந்துங்க. விசேஷம் முடியட்டும்னு இருந்தேன்."

கலந்த சாதம் பரிமாறக் காத்திருந்தது. ஆட்டோ பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பி.பி. 150/100. சிறுநீரில் புரதம். 'ப்ரீஎக்ளாம்ப்ஸியா' என்றார்கள். அசட்டையாய் விட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அட்மிஷன், மாத்திரை, தினசரி பி.பி. என்று ஓடி, 37-வது வாரம் பெண் பிறந்தாள். 2 கிலோ 400 கிராம். இருவரும் நலம்.

ஆக, திடீரென்று ஏறும் எடை, முகம் கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி... இதில் எது வந்தாலும் பூரிப்பு என்று திருஷ்டி கழிக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு நோட்டும் எடை மெஷினும்தான் முதலீடு.

அந்த ஒன்பது மாதத்தில் எனக்கு ஏறிய 4 கிலோவுக்குத்தான் இன்னும் தலைப்பு கிடைக்கவில்லை!