ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை ஊர்?

டூர் பிளான் போடுவதில் நம்ம ஆபீஸ் இளைஞர்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. கையில் இருப்பது சனி, ஞாயிறு என்று இரண்டே நாள். அதற்குள் தீவு, பீச், கோட்டை, ஷாப்பிங் எல்லாம் முடித்து, 'முடிஞ்சா மூணாறு'! இந்த 'முடிஞ்சா'தான் சார், பல டூர்களைக் கெடுத்த வில்லன்.

நான் பி.காம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், செலவை வெட்டுவது. டூரில் பணத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிற சரக்கு நேரம். அதிலும் கத்தரிக்கோல் போட்டே ஆக வேண்டும்.

எதிர்வீட்டுத் தம்பி பேங்க்கில் வேலை பார்ப்பவர். "அண்ணே, அப்பாவை முதல்முறையா கொச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். ரிட்டயராகி ரெண்டு வருஷமாச்சு, எங்கேயும் போனதில்லை. இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எக்ஸெல் ஷீட்டை நீட்டினார். பதினான்கு இடங்கள்! காலை 6.10க்கு ஆரம்பித்து ராத்திரி 10 மணி வரைக்கும் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். அப்பாவுக்கு மூட்டுவலி வேறு.

"இதுல அப்பா எப்ப தம்பி மூச்சு விடுவார்?"

"வேன்ல போறப்போ விட்டுக்குவார்ணே!"

சிவப்பு பேனாவை எடுத்தேன். மூணாறு மலைப்பாதை, போகவே நாலு மணி நேரம் விழுங்கும். அவுட். ஆலப்புழைக்கு ஒரு தனி டூரே போடலாம். அதுவும் அவுட். மிச்சம் இருந்தது தண்ணீரும் கொச்சியும்தான்.

அடுத்து, எந்த நாளில் எது? மட்டாஞ்சேரி யூதர் கோயில் 1568-ல் கட்டியது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கதவு திறக்காது. ஆகவே சனிக்கிழமைக்குத் தீவு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர். வந்த வழியே திரும்பாமல் ஒரு வட்டம் அடித்தால் அலைச்சல் பாதியாகிவிடும். இதோ அந்த வட்டம்:

சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். குளித்து, சாப்பிட்டுவிட்டு கோஸ்ரீ பாலங்கள் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் வைப்பின் தீவு. 2004-ல் இந்தப் பாலங்கள் வரும்வரை அந்தத் தீவுக்காரர்கள் எர்ணாகுளத்துக்கு ஆபீஸ் வர போட்டைத்தான் நம்ப வேண்டும். நாம் பஸ் லேட் என்று புலம்புகிறோம்! தீவின் வடக்கே செராய் பீச். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே ரோடு. மழைக்காலத்தில் போனால் கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி, இறங்க வேண்டாம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு தெற்கு முனைக்கு வந்தால் ரோ-ரோ படகு தயார். காரையும் ஸ்கூட்டரையும் நம்மையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சியில் இறக்கிவிடும். ரூம் அங்கேயே. சாயங்காலம் சீன வலைகள். கற்களைக் கட்டித் தொங்கவிட்ட அந்த ராட்சத வலை, ஏற்றம் மாதிரி இறங்கி ஏறுவதைச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம்.

ரூமுக்கும் வலைக்கும் நடுவே ஷீட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக்கி, '4 முதல் 5.30 வரை, ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

"ஒன்றுமில்லைன்னா என்னண்ணே பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

ஞாயிறு காலை செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச். 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்தது இங்கேதான். பிறகு எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் ஆட்டோவில் மட்டாஞ்சேரி: யூதர் கோயில், ராமாயணச் சுவரோவியங்கள் உள்ள அரண்மனை. போர்ச்சுக்கீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் ரிப்பேர் பார்த்ததால் பெயர் மட்டும் 'டச்சு அரண்மனை'! கட்டியவனுக்குப் பெயரில்லை, வெள்ளையடித்தவனுக்குக் கிடைத்தது. ஆபீஸிலும் இதே கதைதானே சார்? மதியத்துக்கு மேல் போட்டில் எர்ணாகுளம், அங்கிருந்து ராத்திரி ரயில்.

தம்பி அரைமனதோடு போனார். திரும்பி வந்து அவர் பேசியது வலையைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ இல்லை. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி!

நாலு மணிக்கு அப்பா சும்மா காலாற நடக்கலாம் என்றாராம். போன வழியில் டோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து துணி வெளுக்க வந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்னமும் அங்கே வேலை செய்கிறார்கள். கிளிப்பே இல்லாமல், முறுக்கிய கயிற்று இடுக்கில் துணியைச் செருகிக் காயப்போடுவார்கள். வெள்ளை வேட்டி வரிசைக்கு நடுவிலிருந்து தமிழ்க் குரல். அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"கரிப்பெட்டியைப் பார்த்ததும் அப்பா பேச ஆரம்பிச்சாருண்ணே. வேலைக்கு இன்டர்வியூ போன அன்னிக்கு இரவல் சட்டையாம். அதை இஸ்திரி போட நாலணா கடன் சொன்னாராம். இருபத்தெட்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், எனக்கு இது தெரியாது!"

பழைய ஷீட்படி அந்த நேரத்தில் இருவரும் மூணாறு போகிற வேனில், ஆளுக்கொரு ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆகவே வாசகர்களே, ஒரு நாளைக்கு இரண்டு இடம், ஒரு காலிக் கட்டம். ஆளுக்கு ஒரே பை, அதையும் தூக்கிக்கொண்டு படகில் தாவி ஏற முடிகிற அளவில். பார்க்காமல் விட்ட இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மேனேஜர் மனசு வைத்தால் அடுத்த லீவு வராமலா போய்விடும்?