அலைப் பலகையும் அளவான பணமும்

குறைந்த பணத்தைக் கையிற் கொண்டு பொருள் வாங்கப் புறப்படுவோனை இருவகை மயக்கங்கள் சூழ்வதுண்டு. விலை மலிந்ததே போதுமென்று கொள்வது ஒன்று. விலை உயர்ந்ததே நன்றென்று எண்ணிக் கடன்படுவது மற்றொன்று. வீட்டுக்குரிய மேசையோ நாற்காலியோ ஆயின் இம்மயக்கத்தாற் சிறிது பணமே நட்டமாகும். கடலில் இறங்குதற்குரிய கருவியாயின், அதன் குறை உயிரையும் தொடக்கூடும். ஆதலினாற்றான் 'பொடிபோட்' எனப்படும் அலைப் பலகை ஒன்றை வாங்கிய சிறு விடயத்தைப் பற்றி எமது கல்லூரி மலரிலே சில வார்த்தை எழுதத் துணிந்தேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய நம்மிற் பலர் கடலருகே வளர்ந்தும் பேரலையை அறியாதவர்கள். கீரிமலைக் கேணியிலே நீந்தப் பழகினோம். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலே ஆழமற்ற நீரில் நெடுந்தூரம் நடந்து களித்தோம். பாக்கு நீரிணை ஆழங் குறைந்தது. இருபுறமும் நிலம் காத்து நிற்பதால் தென்சமுத்திரத்தின் அலைகள் அங்கு வந்து சேர்வதில்லை. கிழக்கிலே பொத்துவிலை அடுத்துள்ள அறுகம்குடா அத்தகையதன்று. சித்திரை முதல் ஐப்பசி வரை, வெகு தொலைவிற் பிறந்த அலைகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாய் வந்து மடிகின்றன. அவற்றின் மேலேறி விளையாடப் பல நாட்டு இளைஞரும் வருகின்றனர்.

உத்தியோக நிமித்தம் அக்கரைப்பற்றுக்கு வந்து, ஓய்வு பெற்றபின்னும் அங்கேயே தங்கிவிட்டவன் யான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த என் தங்கை மகன் சில மாதங்கள் என்னுடன் தங்க வந்தான். ஒரு நாள் அறுகம்குடாவைக் கண்டுவந்த அவனுக்கு அலைப் பலகையிலே ஆசை பிறந்தது. அயற் பிள்ளைகளுக்குக் கணிதஞ் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த சிறு தொகையொன்று அவனிடம் இருந்தது. "மாமா, இதற்குள் எல்லாவற்றையும் வாங்கிவிடலாமா?" என்று கேட்டான்.

பணத்தினும் பெரிய தடையொன்று இருந்தது. 2004 மார்கழி 26 ஆம் நாள் வடமராட்சிக் கிழக்கிலே என் தங்கையின் மாமனையும் மாமியையும் கடல் கொண்டது. அன்றுதொட்டு அவள் தன் பிள்ளைகளைக் கரைப்பக்கம் விட்டதில்லை. செய்தி கேட்டதும் தொலைபேசியில், "அண்ணா, கடல் எங்களிடம் வாங்கியது போதாதா?" என்றாள். அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. "வாங்குவதை நான் பார்த்து வாங்குவிப்பேன், இறங்கும்போது நான் கரையில் நிற்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

இப்பலகையின் வரலாறே சிக்கனத்தின் வரலாறு எனலாம். ஹவாய்த் தீவினர் நெடுங்காலமாக மரப்பலகையிற் கிடந்து அலையேறி வந்தனர். அப்பலகைக்குப் 'பைப்போ' என்று பெயர். 1971 ஆம் ஆண்டிலே அங்கு வாழ்ந்த ரொம் மோரி என்னும் அமெரிக்கர் பொலித்தீன் நுரைக்கட்டி ஒன்றை மின்கத்தியால் அரிந்து, அதன்மேற் செய்தித்தாளை விரித்து, மின்னழுத்தியாற் சூடேற்றி இன்றைய பலகையின் முதலுருவை ஆக்கினார். அவர் கணிதங் கற்றவர். விமானத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர். ஆயினும் வீட்டிலிருந்த கருவிகளே அவருக்குப் போதுமாயின.

இனி, யாங்கள் பணத்தை வகுத்த முறையைக் கூறுவேன். பலருங் கொள்ளும் ஒழுங்கு, முதலிற் பலகை, மிஞ்சினாற் பிற என்பது. யாம் அதனைத் தலைகீழாக்கினோம். முதற்பங்கு கால் துடுப்புகளுக்கே சென்றது. அலைப் பலகையிற் கிடப்போனுக்குக் கைகள் பலகையைப் பற்றுதற்கே உரியன, கால்களே இயந்திரம். துடுப்பில்லாதவன் அலையின் வேகத்தை எட்டமாட்டான்; நீரோட்டம் இழுத்துச் செல்லுங்கால் மீள்வதும் அவனுக்கு அரிது. பலகை கைநழுவினும் துடுப்புகள் காலில் இருக்கும். சுழியோடிகள் அணியும் நீண்ட துடுப்புகள் இதற்கு ஏற்றனவல்ல. குறுகியனவும் விறைப்புடையனவுமே வேண்டும். நனைந்த காலில் அணிந்து உதறிப் பார்த்தல் வேண்டும். கழன்றால் அளவு பெரிது. விரல் மரத்தால் அளவு சிறிது.

இரண்டாம் பங்கு பலகைக்கு. நிமிர்ந்து நின்று பலகையை முன்னே நிறுத்தினால் அதன் மேல்நுனி கொப்பூழ் மட்டத்துக்கு வருதல் வேண்டும். உடற்பருமன் மிக்கார்க்கு ஓரிரு அங்குலம் கூடலாம். மருகனுக்கு 41 அங்குலம் பொருந்திற்று. நிறத்தைப் பார்த்து மயங்காது, உள்ளே இருப்பது யாதெனக் கேட்டல் வேண்டும். நாம் 'ரெஜிபோம்' என வழங்கும் வெண்ணுரையைத் துணியாற் போர்த்த பலகைகளே மிக மலிந்தவை. அவை நீரை உறிஞ்சும்; நல்ல அலையொன்று மடக்கினால் இரண்டாக முறியும். பொலித்தீன் நுரையாலாயது வளைந்து கொடுப்பது, குளிர்கடலுக்கு ஏற்றது, எமது வெப்பக் கடலிலே சற்றுத் துவளும். பொலிப்புரோப்பிலீன் நுரை விறைப்பும் இலேசும் உடையது, எமது நீருக்கு அதுவே சிறந்தது, விலையோ கூடியது. நடுவே உறுதிக்கோல் செருகப்பெற்று, அடிப்புறத்தில் வழுவழுப்பான கடின பிளாஸ்ரிக் தகடு பதித்த பொலித்தீன் பலகை, பழகுவோனுக்குத் தக்க நடுவழியாகும்.

கொழும்பிலே ஒரு கடைக்காரர், "எல்லாம் ஒன்றுதான் ஐயா, படத்தைப் பார்த்து எடுங்கள்" என்று துணி போர்த்த பலகையொன்றை நீட்டினார். நன்றி கூறி வெளியேறினோம். முடிவில், பருவம் முடிந்து ஊர் திரும்பிய பிரயாணி ஒருவர் அறுகம்குடாவிலே விற்றுச் சென்ற பழம் பலகை வாய்த்தது. புதியதின் அரைவிலைக்கும் குறைவு. பழம் பலகையில் நோக்கவேண்டியவை நான்கு. குறுக்கே மடிப்புக்கோடு இருத்தல் ஆகாது. அஃது உள்ளே முறிந்ததன் அடையாளம். தகட்டின் கீழ்க் குமிழி எழுந்திருத்தல் ஆகாது. நிமிர்த்தி வைத்தால் நீர் கசிதல் ஆகாது. பிணைக்கயிறு கோத்த துளை கிழிந்திருத்தல் ஆகாது.

மூன்றாம் பங்கு அப்பிணைக்கயிற்றுக்கு. பலகையை மணிக்கட்டோடு அல்லது மேற்கையோடு பிணைக்கும் சுருட்கயிறு அது. இதனைப் பழையதாக வாங்கலாகாது. உப்பும் வெயிலும் அதனை உள்ளே அரித்திருக்கும். அறுந்து ஓடும் பலகை பிறர் தலையையும் உடைக்கும்.

வேண்டாதவற்றை விலக்கியதால் மிச்சமானதும் சிறிதன்று. எமது கடல்நீர் இளஞ்சூடானது. ஆதலாற் குளிர்காக்கும் றப்பர் உடை வேண்டா. உடலோடொட்டிய பழைய மேற்சட்டை நெஞ்சு உரசாது காத்தது. உறைப்பைக்கு ஈடாகப் பழஞ் சாரமொன்று உதவிற்று. நன்னீரிற் கழுவி நிழலில் வைத்தால் பலகை பல்லாண்டு நிற்கும். மூடிய மோட்டார் வண்டியின் வெப்பத்திலே விட்டால் ஒரே நாளிற் குமிழும்.

காசு கொடுத்து வாங்கவியலாத கருவியொன்று எஞ்சியிருந்தது, அது நீச்சல். ஒரு கிழமை முழுதும் அவன் பலகையைத் தொடவில்லை. அமைதியான நீரிலே துடுப்புகளோடு மட்டும் நீந்தினான். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் அதனை எதிர்த்து நீந்தாது, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேறவேண்டும் என்பதை நாள்தோறும் ஒப்புவித்தான். அதன் பின்னரே, பாறையடியுள்ள பெரிய முனையை விடுத்து, மணலடியும் சிற்றலையும் உள்ள இடத்திற் பலகையோடு இறங்கினான்.

ஆவணியிலே தங்கை வந்தாள். நீரருகே வர மறுத்துத் தென்னை நிழலில் இருந்தாள். மகன் ஓர் அலையிற் கிடந்து கரைமட்டும் வழுக்கி வந்ததைக் கண்டபோது முகத்தை மூடிக்கொண்டாள். சிறிது நேரத்தின் பின், "காலில் மாட்டியிருப்பது கழலாதே அண்ணா?" என்று கேட்டாள். "கழலாது; உதறிப் பார்த்தே வாங்கினோம்" என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்குச் சொல்வது இதுவே. சிக்கனமாவது எல்லாவற்றிலுங் குறைப்பதன்று. எதிற் குறைக்கலாகாது என்று முதலிற் கண்டு, அதற்குரியதை ஒதுக்கியபின் ஏனையவற்றிற் குறைப்பதாம். அலைப் பலகைக்குப் பொருந்தும் இவ்வொழுங்கு, நாளை நீங்கள் நடத்தப்போகும் குடும்பத்துக்கும் பொருந்தும். எமது கல்லூரியன்னை நீடு வாழ்க!