‘அம்மா’வின் இறுதி ஆகாரம்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரைக்கு அளவு கண்ணிமையும் கைந்நொடியும் என்றது தொல்காப்பியம். ஒலிப்பதிவை மில்லிநொடியில் அளப்போர் அந்த இரட்டிப்பை அப்படியே தேடி ஏமாறுவதுண்டு. பிழை இலக்கணத்தினுடையது அன்று. ‘படு’, ‘பாடு’ என்பவற்றைப் பிரிப்பது ஒன்றோடொன்று ஒப்பிட்டு உணரும் நீளமே. விரைந்து பேசுபவரின் நெடில் நிதானமாகப் பேசுபவரின் குறிலளவுக்குச் சுருங்கினும் கேட்பவர் குழம்புவதில்லை.

சொல்லிறுதியில் நிலைமை வேறு. ‘அம்மா சொன்னாங்க’ என்கையில் ‘அம்மா’வின் ஆகாரம் பேச்சில் பெரும்பாலும் குறுகிவிடுகிறது. அதே அம்மாவைத் தெருமுனையிலிருந்து அழைத்தால் மூச்சுள்ளவரை நீள்கிறது. சேய்மை விளியில் அளபு மிகுவதைத் தொல்காப்பியரே குறித்துவைத்தார். ‘பெரீய வீடு’ என வியப்பில் நீளும் இகரத்தையோ எழுத்து வழக்கு இன்னும் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது (கதைகளின் உரையாடல் நீங்கலாக).

களப்பதிவைப் படியெடுப்போர் பலர் இந்தக் குறுக்கத்தையும் நீட்டத்தையும் அகராதி எழுத்துக்கூட்டலுக்குத் திருத்திவிடுகின்றனர். குறுக்கத்துக்கு நாச்சோம்பல் என்ற பழியும் சேர்கிறது. அம்மா அருகில் இருந்தாரா, தெருவின் மறுமுனையில் இருந்தாரா என்பதை அந்தப் படியிலிருந்து எவரும் அறிய முடியாது.